நாரிப்பிடிப்புக்கு என்று சொல்லி

கனடா நாடாளுமன்றம் எனக்குக் கஞ்சா பாவிக்க அனுமதி தந்திருக்கிறது. என் வீட்டில் இரண்டாவது தேத்தண்ணிக்குச் சீனி போட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. கீழ்ச்சபை, செனற், மகாராணியின் பிரதிநிதி என்று மூன்று கதவைத் தாண்டி வந்த சட்டம், எங்கள் குசினிக் கதவடியில் வந்து நின்றுவிட்டது.

அனுமதி வந்தது 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி. 1923இல் போட்ட தடையை 95 வருடம் கழித்து எடுத்தார்கள். அன்று தொட்டு ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பிய எவரும் 30 கிராம் உலர்ந்த கஞ்சாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீதியில் நடக்கலாம்; வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். நாடு முழுவதற்குமாக இப்படிச் சட்டம் போட்டதில் உருகுவேக்கு அடுத்தது கனடாதான். நியூஃபவுண்ட்லாந்தில் மணிக்கூடு மற்ற மாகாணங்களைவிட முந்தி ஓடுவதால், முதல் விற்பனை அங்கே சென்ற் ஜோன்ஸ் நகரில் நள்ளிரவுக்கு நடந்தது. சனம் வரிசையில் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த என் மனைவி, "எழுபதுகளிலை கொழும்பிலை பாணுக்கு நிண்ட மாதிரி நிக்குதுகள்" என்றாள். பிறகு, "அது பசிக்கு நிண்டது. இது என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் கேள்விகள் பெரும்பாலும் பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை.

அதுவரை எனக்குத் தெரிந்த கஞ்சா இரண்டு வகை. ஒன்று, சின்ன வயதில் ஊர்க் கோயில் மடத்தில் வந்து தங்கும் சாமியாரின் சிலும்பியில் இருந்தது. பெரியவர்கள் அவரை விழுந்து கும்பிடுவார்கள். எங்களை மட்டும் அவருக்குக் கிட்டப் போகவிடமாட்டார்கள். மற்றது யாழ்ப்பாணப் பத்திரிகையில் வருவது. 'கேரளக் கஞ்சா' என்று தலைப்புப் போட்டு, கடற்படை பிடித்த பொதிகளை அடுக்கிவைத்து எடுத்த படம் இருக்கும். இன்றைக்கும் காலையில் ஐபாட்டில் பத்திரிகையைத் திறந்தால் முதலில் மரண அறிவித்தல், அடுத்தது அந்தப் பொதிகள். ஆகவே என் கணக்கில் கஞ்சாவோடு சம்பந்தப்பட்டவர் ஒன்றில் துறவி, இல்லாவிட்டால் கடத்தல்காரர். பென்சன்காரர் என்று மூன்றாவது பிரிவு ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஆனால் மனம் மாறியது நான் மட்டுமல்ல. ரொறன்ரோ பொலிஸின் தலைவராகவும் பிறகு கொன்சர்வேற்றிவ் அமைச்சராகவும் இருந்த ஜூலியன் ஃபன்ரினோ, கஞ்சாவைச் சட்டமாக்குவதைக் கடுமையாக எதிர்த்தவர். 2017இல் அவரே ஒரு மருத்துவக் கஞ்சா நிறுவனத்தைத் தொடங்கினார். பொலிஸ் தலைவரே அந்தப் பக்கம் போனபிறகு, கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு வந்து, இங்கே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்ந்த நான் எம்மாத்திரம்?

ஓய்ந்த என்று எழுதியது பழக்கதோஷம். ஓல்டேஜ் காசு வரத் தொடங்கிய நாளிலிருந்து மகன் வீட்டில் எனக்கு முழுநேர வேலை. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டி என்று மனப்பாடம் வைத்திருப்பது, சினோ தள்ளுவது, ஃபர்னஸ் திருத்த வருகிறவனுக்குக் கதவு திறந்துவிடுவது. அதோடு, ஒருவரும் கேட்காமல் நானாக எடுத்துக்கொண்ட உத்தியோகம் ஒன்று: மின்சாரக் கட்டண மேற்பார்வை. ஒன்ராறியோவில் மின்சாரம் நேரத்துக்கு ஒரு விலை. கிழமை நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பிறகு மலிவு. ஏழுக்கு முன் உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றினால் நான் கீழே இறங்கிப் போய் அதன் முன்னால் நிற்பேன். ஒன்றும் சொல்லமாட்டேன். நிற்பேன். மருமகள் அதற்கே நிறுத்திவிடுவாள்.

சந்தோஷத்துக்கு என்று எனக்கு ஒதுக்கியிருப்பது முதியோர் சங்கக் கூட்டம். அங்கே வடை உண்டு, சக்கரை வியாதி பற்றிய கருத்தரங்கும் உண்டு. ஒழுங்கும் அதுதான், முதலில் வடை. கருத்தரங்கு நடக்கும்போது ஆண்கள் ஒவ்வொருவராகக் கழன்று கார் நிறுத்துமிடத்தில் கூடுவோம். அங்கேதான் முதன்முதலில் இந்தக் கதை காதில் விழுந்தது.

"நாரிக்கு நல்லாக் கேக்குதாம்."

"முழங்காலுக்கும் கேக்குமாம்."

"நான் நித்திரைக்குத்தான். சும்மா ஒரு சொட்டு, நாக்குக்குக் கீழை."

கஞ்சா என்ற சொல்லை ஒருவரும் வாயால் எடுக்கவில்லை. "அது" என்றார்கள். ஒருவர் "எண்ணெய்" என்றார். இன்னொருவர் "இலை மருந்து" என்றார். அத்தனை பேருக்கும் ஒரு வருத்தம் இருந்தது. அத்தனை பேருடைய முகத்திலும் வருத்தம் இல்லாத ஒரு பிரகாசமும் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒன்றைச் சந்தோஷத்துக்காகச் செய்யத் தெரியாது. பம்பலுக்காக நடக்கமாட்டோம், சீனிக்காக நடப்போம். ஊரில் அப்பாவின் அலுமாரிக்குள் பிரண்டிப் போத்தல் ஒன்று தடிமனுக்காக இருந்தது. அப்பாவுக்கு வருடம் முழுக்கத் தடிமன். சித்திரை வெயிலிலும் தடிமன். விருந்தினர் வந்தால் அவர்களுக்கும் தொற்றும். அம்மா ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை, ஏனென்றால் மருந்தை மறிப்பது பாவம். அந்தப் பரம்பரையில் வந்த எனக்கும் ஒரு நாரிப்பிடிப்பு தேவைப்பட்டது. தேடினேன். இருந்தது. எழுபது தாண்டிய உடம்பில் தேடினால் எதுவும் இருக்கும்.

உண்மையாகவே நாரிக்கென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. கனடாவில் மருத்துவத்துக்குக் கஞ்சா 2001இலிருந்தே கிடைக்கிறது. வைத்தியரிடம் கடுதாசி எடுக்கவேண்டும். கார் நிறுத்துமிடத்துப் பெரியவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. வைத்தியர் நாரியை அமத்திப் பார்ப்பார் என்ற பயம்.

கடைக்குப் போவதிலும் ஒரு பூகோளச் சிக்கல். மகன் வீடு மார்க்கம் நகரில். மாகாண அரசு ஒவ்வொரு நகரசபையையும், உங்கள் ஊரில் கஞ்சாக் கடை வேண்டுமா என்று கேட்டபோது, மார்க்கம் வேண்டாம் என்றது. ரொறன்ரோ ஓம் என்றது. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீல்ஸ் வீதி. வீதிக்கு வடக்கே ஒழுக்கம், தெற்கே கடை. ஒன்ராறியோவின் முதல் 25 கடைகளுக்கான உரிமையை லொத்தர் குலுக்கித்தான் கொடுத்தார்கள். அவற்றைத் திறக்க அரசாங்கம் குறித்த நாள் 2019 ஏப்ரல் முதலாம் திகதி. அந்தத் தேதியைத் தெரிந்தெடுத்த அதிகாரிக்கு ஓய்வுக்காலம் நன்றாக அமையட்டும்.

நான் அவசரப்படவில்லை. புகைப்பது எனக்குச் சரிவராது. என் மனைவியின் மூக்கு பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எந்தக் கருவாடு என்று சொல்லும் மூக்கு. தின்னும் வகைகளுக்கு 2019 ஒக்டோபரில்தான் அனுமதி வந்தது. அது கடைக்கு வந்து, நோய்த்தொற்றுக் காலமும் கழிந்து, எனக்குத் துணிவும் வந்த ஒரு மாசி மாதப் பகலில், முருங்கைக்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஸ்ரீல்ஸ் வீதியைத் தெற்கு நோக்கிக் கடந்தேன். பச்சை விளக்கு வரும்வரை நின்றுதான் கடந்தேன். குற்றமில்லாத காரியத்துக்குப் போகும்போது சின்னக் குற்றமும் கூடாது.

ஸ்காபரோவில் எங்கள் சனம் புழங்கும் பிளாசா எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஒரு நகைக்கடை, ஒரு சேலைக்கடை, கொத்துரொட்டிக் கடை, வரிக்கணக்குப் பார்ப்பவர், குடிவரவுச் சட்டத்தரணி. இவற்றுக்கு நடுவில், உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி கண்ணாடி மறைத்த ஒரு கடை. பதின்ம வயதுப் பிள்ளைகளின் கண்ணில் சரக்குப் படக்கூடாது என்ற சட்டத்துக்காக மறைத்தது. எங்கள் வயதுக்காரருக்கும் அது வசதிதான். முருங்கைக்காயை முதலில் வாங்கி, அது பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தெரியும்படி பிடித்துக்கொண்டேன்.

வாசலில் நின்ற பெடியன் அடையாள அட்டை கேட்டான். 19 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடக்கூடாதாம். யார் வந்தாலும் பார்ப்பதுதான் அந்தக் கடை வழக்கமாம். காதுக்கு மேலே மட்டும் முடி மிஞ்சியிருக்கிற என்னைப் பார்த்து, உனக்குப் பத்தொன்பது ஆகிவிட்டதா என்று சட்டபூர்வமாக ஒருவன் கேட்கிறான். எனக்கு அந்தப் பொருளே தேவையில்லை என்கிற அளவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அட்டையைக் கொடுத்தாயிற்று.

உள்ளே மேசைக்குப் பின்னால் நின்ற பெட்டை என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அங்கிள்?" என்றாள். எனக்கு முருங்கைக்காய் கைநழுவியது. ஒருகாலத்தில் என்னோடு இரவு வேலை செய்த சிநேகிதரின் மகள். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நான் போய் நூறு டொலர் எழுதியிருக்கிறேன்.

"அப்பாட்டைச் சொல்லாதீங்கோ அங்கிள். நான் ரீற்றெயில்ல வேலை செய்யிறன் எண்டுதான் அவருக்குத் தெரியும்."

"நீர் அன்ரியிட்டைச் சொல்லாதையும்" என்றேன். ஒப்பந்தம் முடிந்தது.

அப்பாவுக்குச் சொன்னால் பெருமைப்படுவார் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் ஒன்ராறியோவில் கஞ்சாக் கடையில் வேலை செய்ய 'கான்செல்' என்று ஒரு படிப்புப் படித்துச் சோதனை பாஸ் பண்ணவேண்டும். சோதனை இருக்கிற எந்த வேலையையும் எங்கள் ஆட்கள் மதிப்பார்கள்.

நான் ஒத்திகை பார்த்து வந்த வசனத்தைச் சொன்னேன். "நாரி கொஞ்ச நாளாப் பிடிக்குது பிள்ளை. அதுக்கு ஏதும்..."

அவள் கையெடுத்து மறித்தாள். "அங்கிள், நாரியைப் பற்றி நாங்கள் கதைக்க ஏலாது."

அதுதான் சட்டம். இந்தக் கடைகளில் விற்பது பொழுதுபோக்குக்கு. இது நோவைப் போக்கும், அது வாதத்தைக் குறைக்கும் என்று அங்கே நிற்பவர்கள் சொல்லக்கூடாது. வருத்தமென்றால் வைத்தியரிடம் போ, பம்பலென்றால் என்னிடம் வா என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. எழுபது வருடம் எங்கள் பரம்பரை கட்டிக்காத்த தடிமனை, நாரிப்பிடிப்பை, முழங்கால் வாதத்தை எல்லாம் அந்த மேசைக்கு அங்காலே வைத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

"சரி, உங்களுக்கு எப்பிடி ஃபீல் பண்ண விருப்பம் அங்கிள்?" என்று கேட்டாள்.

என் சீவியத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எங்கே போகிறாய் என்றார்கள். குடிவரவு அதிகாரி ஏன் வந்தாய் என்றார். ஃபோர்மன் ஏன் பிந்தி வந்தாய் என்றார். மனைவி ஏன் சும்மா இருக்கிறீங்கள் என்கிறாள். எப்படி இருக்க விருப்பம் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதும் எனக்குப் பதில் தெரியவில்லை. சந்தோஷமாக என்று சொல்லலாம். ஆனால் ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால், அதுவும் நான் அரங்கேற்றத்துக்குப் போன பிள்ளைக்கு முன்னால், கிழவன் ஒருவன் அப்படிச் சொல்வது சரியா? கடைசியில், "ஹைட்ரோ பில் வந்தாலும் கோவம் வராத மாதிரி" என்றேன். அவள் அதைக் கணினியில் தேடவில்லை. நேரே போய் ஒரு சின்னப் பொதியை எடுத்துவந்தாள்.

அதில் படமில்லை, சிங்காரமில்லை. மஞ்சள் பெட்டிக்குள் எச்சரிக்கை, நிறுத்தற் பலகை வடிவத்தில் சிவப்புக் குறி, அதற்குள் இலை. உள்ளே ஒரேயொரு இனிப்பு, மாம்பழச் சுவை. மொத்தம் 10 மில்லிகிராம் ரி.எச்.சி.; தின்னும் வகையில் ஒரு பொதிக்கு அதற்கு மேல் கூடாது என்பது நாட்டுச் சட்டம். ஏறுவது அந்த ரி.எச்.சி.யால்தான். அதை 1964இல் இஸ்ரேலில் ரஃபாயெல் மெஷூலமும் கூட்டாளியும் பிரித்தெடுத்தார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டிய ஐந்து கிலோ ஹஷீஷை மெஷூலம் பொலிஸிடமே வாங்கிப் பஸ்ஸில் கொண்டுபோனாராம். பஸ் முழுக்க வாசனை. நான் ஒரு இனிப்பை முருங்கைக்காய்க்குள் மறைத்துக் கொண்டுவந்ததை அவரோடு ஒப்பிடவில்லை. அவரும் பஸ்தான், நானும் பஸ்தான் என்று மட்டும் சொல்கிறேன். விலையோடு 13 சதவீத வரியும் எடுத்தார்கள். பற்றுச்சீட்டையும் வாங்கினேன், எதற்கென்று தெரியாமல்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மாம்பழ இனிப்பு என்றால் அலுமாரிக்கு மேலேயும் ஏறுவார்கள். ஆகவே கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த பழைய தோல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சொக்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பெட்டி கனடாவுக்கு வந்தபிறகு ஒருநாளும் பூட்டப்படவில்லை. அதற்குள் இருப்பது பிறப்புச் சான்றிதழ்களும், கொக்குவிலில் அண்ணன் பிள்ளைகளோடு வழக்கில் கிடக்கும் அரைப் பரப்புக் காணியின் உறுதியும்.

அன்றிரவே மனைவி கண்டுவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மொன்றியலில் இருக்கும் மகளிடம் கேட்டிருக்கிறாள்: "அப்பா உயில் எழுதுறார் போலை கிடக்கு. பெட்டியைப் பூட்டி வைச்சிருக்கிறார்."

அடுத்த நாளிலிருந்து என் வாழ்க்கை மாறியது. மகள் தொலைபேசியில் என் சுகத்தை விசாரித்தாள், பிறகு கொக்குவில் காணியின் சுகத்தையும் விசாரித்தாள். மகன் வேலையால் வரும்போது எனக்கென்று முந்திரிகைப்பருப்பு வாங்கிவந்தான். நெஞ்சு கிஞ்சு நோகுதோ என்று மெதுவாகக் கேட்டான். சினோவை அவனே தள்ளினான். மருமகள் பின்னேரம் இரண்டாவது தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துப் பார்த்தேன். சீனி! "குடியுங்கோ மாமா" என்றாள். கஞ்சாவின் பலன் என்று மருத்துவ நூல்களில் எழுதியிருப்பது எதுவோ எனக்குத் தெரியாது; தின்னாமலே பூட்டிவைத்தால் இவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பெட்டியை அப்படியே விட்டிருந்தால் இப்போதும் நான் ராசாதான்.

ஆனால் வாங்கிய பொருளை வீணாக்குவது எங்கள் வழக்கமில்லை. ஒரு பின்னேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பொதியை எடுத்தேன். பிள்ளைகள் திறக்கமுடியாதபடி செய்யவேண்டும் என்பதும் சட்டம். அப்படிச் செய்தவர்கள் வாதம் பிடித்த விரல்களைப் பற்றி யோசிக்கவில்லை. பாக்குவெட்டியால் பொதியின் தலையைச் சீவினேன். அதே பாக்குவெட்டியால் இனிப்பையும் நாலாக வெட்டினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டரை மில்லிகிராமுக்கு மேல் போகவேண்டாம் என்று கனடா சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. ஒரு கால் துண்டை வாயில் போட்டு, பிரஷர் எழுதும் கொப்பியில் நேரத்தையும் குறித்தேன். பொழுதுபோக்கென்றாலும் பதிவேடு வேண்டும்.

புகைத்தால் உடனே ஏறும். தின்றால் அது வயிற்றுக்குப் போய், ஈரலுக்குப் போய், அங்கே வேறொரு உருவம் எடுத்து, ஆறுதலாக அரை மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மூளைக்கு வரும். முழுவேகம் வர நாலு மணி நேரமும் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் 'ஒன்றும் செய்யவில்லையே' என்று அடுத்த துண்டைத் தின்று அவஸ்தைப்படுகிறார்கள். எனக்கு அந்த ஆபத்து வரவில்லை. என் கஞ்சத்தனம் என்னைக் காப்பாற்றியது; நாலு துண்டு நாலு தரத்துக்கு என்று ஏற்கனவே கணக்குப் போட்டிருந்தேன்.

கதிரையில் இருந்தேன். மேசையில் அந்த மாத ஹைட்ரோ பில் கிடந்தது. எடுத்துப் படித்தேன். எவ்வளவு ஒழுங்கான கடிதம்! காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, இரவில் ஒரு விலை. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி நிறத்தில் ஒரு தடி. யாரோ ஒரு மனிதன் எங்களுக்காக இருந்து இதைக் கீறியிருக்கிறான். இரண்டாம் தரமும் படித்தேன். கீழே மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது. மணி பின்னேரம் ஐந்தரை. மாரி காலத்தில் விலை உச்சியில் நிற்கும் நேரம். நல்ல சத்தம், தாளக்கட்டோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மருமகள் இரண்டு தரம் படியேறி வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு மனைவி வந்து இருந்தாள். தமக்கையோடு தொலைபேசியில் கதைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். லண்டனில் யாரோ ஒருவருடைய மகளின் கலியாணவீடு, மாப்பிள்ளை பகுதி சொன்ன எண்ணிக்கைக்கு மேல் நாற்பது பேர் வந்துவிட்டார்கள், சாப்பாடு முட்டுப்பட்டது. இப்படியான கதைக்கு என்னிடம் வழக்கமாக இருக்கும் பதில் "ம்." நடுவில் ஒரு "ம்", கடைசியில் ஒரு "ம்". அன்றைக்கு நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவள் பக்கம் திரும்பி இருந்து, "பிறகு?" என்றேன்.

அவள் சொன்னாள். "அந்த நாற்பது பேரும் ஆர்?" என்றேன். அவள் அதற்கும் சொன்னாள், கொஞ்சம் மெதுவாக. "பாவம், பொம்பிளையின்ரை தாய்க்கு எப்பிடி இருந்திருக்கும்" என்றேன்.

மனைவி எழும்பினாள். என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, சிரியுங்கோ பாப்பம்" என்றாள். பாரிசவாதம் வந்தால் வாய் ஒருபக்கம் இழுக்கும் என்று முதியோர் சங்கத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. அவள் மகனைக் கூப்பிட்டாள். மகன் தொலைபேசியில் 911இன் முதல் இரண்டு இலக்கத்தை அமத்திவிட்டான். அந்த நிலையில் நான் சொக்ஸைக் கழற்றித் திறப்பைக் கொடுத்தேன்.

பெட்டி திறந்தது. மூன்று துண்டு மாம்பழ இனிப்பு, பற்றுச்சீட்டு. உயில் இல்லை. எங்கள் குடும்பத்தில் கஞ்சா பிடிபட்ட அந்த நேரத்தில் எல்லோருடைய முகத்திலும் முதலில் தெரிந்தது ஏமாற்றம்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மகன் பொதியை வாங்கிப் படித்துவிட்டு, "ரெண்டரை மில்லிகிராமுக்கே இப்பிடியோ அப்பா?" என்றான். அந்தக் குரலில் இருந்த இளக்காரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மனைவி பற்றுச்சீட்டைப் பார்த்தாள். "ஒரு ரொஃபிக்கு இவ்வளவோ? அதுக்கு ரக்ஸும் வேறையோ?" என்றாள். சட்டத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "என்னத்துக்கு எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். நாரிக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன். கடைப் பெட்டை கை மறித்தது நினைவுக்கு வந்தது. "சும்மா, பம்பலுக்கு" என்றேன். அந்த வீட்டில் அன்றுவரை ஒருவரும் அப்படி ஒரு வசனம் பேசியதில்லை. அவள் பதில் சொல்லத் தெரியாமல் நின்றாள். நாற்பத்தைந்து வருடத்தில் எனக்கு வாய்த்த ஒரே வெற்றி.

அது அடுத்த நாள் காலையே பறிபோனது. குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் திட்டவில்லை, கணினியில் தட்டிக்கொண்டே கேட்டார். புகையோ தின்னுறதோ? எத்தினை மில்லிகிராம்? எழும்பேக்கை தலை சுத்துதோ? இரத்தத்தை ஐதாக்கிற குளிசை எடுக்கிறீங்களோ? வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கஞ்சா அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தம் கசிய வைக்கலாமாம். பிரஷர் குளிசை எடுப்பவர் இதையும் எடுத்துவிட்டுச் சடாரென்று எழும்பினால் விழலாம். எங்கள் வயதில் விழுந்தால் உடைவது இடுப்பு. சட்டம் வந்தபிறகு ஒன்ராறியோவில் 65 தாண்டியவர்கள் இது கூடிப்போய் அவசர சிகிச்சைக்கு வருவது அதிகரித்ததென்றும், தின்னும் வகைகள் வந்தபிறகு இன்னும் கூடியதென்றும் சொன்னார். "நிறையப் பேர் எடுக்கினம். எனக்குச் சொல்லுறேல்லை. அதுதான் எனக்குப் பயம்" என்றார். எனக்குக் கார் நிறுத்துமிடம் முழுவதும் கண்ணுக்குள் வந்தது.

முடிவில், "விடுறதுதான் நல்லம். விடமாட்டியளெண்டால் இதுக்கு மேலை கூட்டாதையுங்கோ, எடுத்திட்டுக் கார் ஓடாதையுங்கோ, தனிய இருக்கேக்கை எடுக்காதையுங்கோ" என்றார். கார் விஷயத்தில் பகிடி இல்லை. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் இரண்டு நனோகிராம் ரி.எச்.சி. இருந்தாலே குற்றம். மற்ற இரண்டையும் விட, 'தனிய' என்ற கடைசிக் கட்டளையைத்தான் என் மனைவி இறுகப் பிடித்துக்கொண்டாள். அதைத் தனக்குக் கிடைத்த அரச நியமனமாக எடுத்துக்கொண்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் பொழுதுபோக்கு இப்படி நடக்கிறது. பெட்டித் திறப்பும் கார்த் திறப்பும் அவள் கையில். சனிக்கிழமை பின்னேரம், பிரஷர் பார்த்து, எண் சரியாக இருந்தால், கால் துண்டு தட்டில் வைத்துத் தருவாள். தண்ணீர் பக்கத்தில். கழிப்பறைக்குப் போவதென்றால் சொல்லிவிட்டு மெதுவாக எழும்பவேண்டும். ஏறியதும் அவள் எதிரே வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு, அந்தக் கிழமை முழுக்கச் சேர்த்துவைத்த கலியாணவீடு, செத்தவீடு, சாமத்தியவீட்டுக் கதைகளைத் தொடங்குவாள். நான் "பிறகு?" என்பேன். அவளுக்கு நல்ல பம்பல். கஞ்சாவால் எங்கள் வீட்டில் சந்தோஷம் கூடிய ஆள் அவள்தான்; அதற்கு அவள் ஒரு மில்லிகிராமும் எடுக்கவில்லை. இரண்டாவது தேத்தண்ணியில் சீனி நின்றுவிட்டது. சினோவும் என் பொறுப்புக்குத் திரும்பி வந்துவிட்டது.

போன வருடம் ஒரு கலியாணத்துக்கு ஊருக்குப் போக வெளிக்கிட்டபோது, என் ஜக்கெற்றுகளை எல்லாம் இரண்டு தரம் தோய்த்தாள், பகல் விலையில். கனடாவுக்குள் என்ன அனுமதி இருந்தாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். 14 வருடம் வரை மறியல் இருக்கிறது. கட்டுநாயக்காவில் இறங்கும்போது சட்டைப் பையில் மாம்பழ வாசனை வந்தாலும், மறுநாள் பத்திரிகையில் பொதிகளுக்குப் பின்னால் நிற்பது நானாக இருக்கும். மரண அறிவித்தலில் என் படம் வருவதற்கு முதல் அந்தப் பக்கத்தில் வர எனக்கு விருப்பமில்லை.

கடைசியாக ஒரு விஷயம். என் சம்பந்தி முதியோர் சங்கத்தின் தலைவர். மேடையேறினால் ஒழுக்கத்தைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார். அண்மையில் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்து, குரலைத் தாழ்த்தி, தனக்கும் நாரி கொஞ்சம் பிடிக்குது என்றார். நான் கடை விலாசத்தைக் கொடுத்தேன், குளிசைகளின் பெயரைச் சொல்லி முதலில் வைத்தியரிடம் கேட்கச் சொன்னேன், அங்கே போய் நாரியைப் பற்றி மட்டும் கதைக்கவேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். ஸ்காபரோப் பக்கம் கையில் முருங்கைக்காயோடு, உயரமாக, நரைத்த மீசை வைத்த ஒரு பெரியவர் கண்ணாடி மறைத்த கடைக்கு முன்னால் நின்று தயங்குவதைக் கண்டால், தயவுசெய்து பேர் சொல்லிக் கூப்பிடாமல் கடந்து போய்விடுங்கோ.